மறைக்கத் தெரிந்தவள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மட்டும் முப்பத்தொன்பது படம். விரல் வலிக்கிறது.

ஸ்கிரீன்ஷாட் எடு, பெயரை மங்கலாக்கு, சிவப்பு அம்பு போடு, வட்டத்துக்குள் எண் போடு, கீழே ஒரு வரி எழுது. கிளினிக்குகளில் முன்பதிவு பார்க்கும் மென்பொருளுக்குக் கையேடு தயாரிப்பது என் வேலை. "இங்கே தட்டவும்" என்று பதினோரு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். யாராவது பார்த்துத் தட்டியதாகத் தெரியவில்லை. எல்லாரும் போன் பண்ணித்தான் கேட்கிறார்கள்.

வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவர். யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், "படத்துக்குப் பவுடர் போடுறவ" என்கிறார். முதலில் கோபம் வந்தது. இப்போது நானே அப்படித்தான் சொல்கிறேன்.

எங்கள் அதிகாரிக்கு நானும் கமா அக்காவும் வைத்த பெயர் அவசரம். எல்லாச் செய்தியையும் அந்த வார்த்தையில்தான் முடிப்பார். தாய் வயிற்றில் பத்து மாதம் எப்படித்தான் பொறுத்திருந்தாரோ. கமா அக்கா எதிர் மேசை, பிழை திருத்துபவர். நான் எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் ஒரு கமா சேர்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒன்பது வருடமாகச் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம்.

மார்ச் 6, வியாழன்

சோதனைத் தளம் நேற்றிலிருந்து படுத்துக் கிடக்கிறது. அதில்தான் "நோயாளி ஒன்று, நோயாளி இரண்டு" என்று பொய்ப் பெயர்கள் இருக்கும். அது இல்லாமல் படம் எடுக்க முடியாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவசரத்துக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

காலையில் ஆணை: உண்மையான கிளினிக் ஒன்றின் பக்கத்திலிருந்தே படம் எடு. பிழை சரிபார்க்க அந்தக் கிளினிக்காரர்கள் எங்களுக்குக் கொடுத்திருந்த கடவுச்சொல்லில் நுழைந்து இருபத்திரண்டு படம் எடுத்தேன். முன்பதிவுப் பட்டியலில் உயிருள்ள மனிதர்களின் பெயர், வயது, போன் எண், எந்தப் பிரிவு, எத்தனையாவது வருகை, எல்லாம் இருந்தது.

மங்கலாக்க உட்கார்ந்தேன். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு சாட்டில் வந்தது: "ப்ளர் வேணாம். உள்ளுக்குள்ள பார்க்கத்தான். அப்படியே அனுப்பிடுங்க. அவசரம்."

அப்படியே அனுப்பிவிட்டேன். அம்பு போட்டு, எண் போட்டு, பெயர்கள் பளிச்சென்று தெரிய.

ஆனால் அனுப்பும் முன் அவர் செய்தியை ஒரு படம் எடுத்துக்கொண்டேன். "ப்ளர் வேணாம்" என்பதைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம். நாளைக்கு ஏதாவது ஆனால் பழி என் தலையில் விழக்கூடாது இல்லையா? கமா அக்காவுக்கு அனுப்பி, "இது சரியாக்கா?" என்று கேட்டேன். அடுத்தவர் செய்தியை அப்பட்டமாக அனுப்ப மனம் ஒப்பவில்லை. அவர் பெயர், முகம், தேதி, நேரம் எல்லாவற்றையும் மங்கலாக்கித்தான் அனுப்பினேன். எதிர் மேசையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "உள்ளுக்குள்ளன்னா பரவால்ல, விடுடி" என்று பதில் போட்டார்.

மார்ச் 12, புதன்

சோதனைத் தளம் எழுந்துவிட்டது. மறுபடி நோயாளி ஒன்று, நோயாளி இரண்டு. நிம்மதி.

ஏப்ரல் 21, திங்கள்

பொதுமக்கள் பார்க்கிற உதவிப் பக்கத்தில் அந்த இருபத்திரண்டு படமும் நாற்பது நாளாகத் தொங்கியிருக்கிறது.

உள்ளுக்குள்ளயாம்! யாரோ அப்படியே தூக்கி ஏற்றியிருக்கிறார்கள். சனிக்கிழமை புகார் வந்து இன்று காலை எடுத்தார்களாம். அலுவலகத்தில் எல்லார் கண்ணும் என் மேல். அம்பு போட்டவள் நான்தானே.

அவசரம் என் மேசைப் பக்கம் வரவே இல்லை. இன்று அவருக்கு எதுவுமே அவசரமில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

எச்.ஆர். அம்மா கூப்பிட்டார். புகார்க் கடிதத்தைக் குழுவினர் பார்க்க வேண்டுமாம், அனுப்பியவர் பெயர் தெரியக்கூடாதாம், "நீங்கதான் இதையெல்லாம் மறைக்கிறதுல கெட்டிக்காரி, கொஞ்சம் பண்ணிக் குடுங்க" என்று என்னிடமே நீட்டினார். அவருக்கு இதில் ஒரு கூச்சமும் இல்லை.

பெயரை மறைக்கப் பெயரைப் படிக்க வேண்டும். பெயரைப் படித்தால் மீதியையும் படிக்காமல் எப்படி?

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறாள். சொந்த வேன். அம்மா செத்துப்போனதிலிருந்து தூக்கம் வரவில்லை என்று மனநலப் பிரிவுக்கு மூன்று தடவை போயிருக்கிறாள். தூங்காமல் வண்டி ஓட்டக்கூடாது என்ற பயத்தில் போனவள். வேனில் வருகிற பிள்ளை ஒன்றின் தாய் வேறொரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறாளாம். எங்கள் மென்பொருள்தான் அங்கேயும். உதவிப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். தெரிந்த பெயர், தெரிந்த போன் எண், மனநலம், மூன்றாம் வருகை. முதல் வாரம் மூன்று பேர் பிள்ளைகளை நிறுத்தினார்கள். அடுத்த வாரம் பதினொரு பேர். "இப்போ வேன் வாசலில் நிற்கிறது" என்று எழுதியிருந்தாள்.

அந்தப் படம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்று, தேடும் கட்டம். இரண்டு, தேதி. மூன்று, "நோயாளியின் பெயரைத் தட்டவும்". பட்டியலில் எட்டுப் பெயர் இருந்தது. அவள் பெயர் நடுவில் இருந்ததால், அம்பு வளையாமல் அழகாகப் போகும் என்று அதைத் தேர்ந்தெடுத்தேன்.

பெயரை மறைத்து எச்.ஆர். அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

விசாரணை. கேள்வி கேட்க எச்.ஆர். அம்மாவும் கம்பெனி வக்கீலும் மட்டும். நான் தைரியமாகத்தான் போனேன். கையில் சாட்சி இருக்கிறதே.

என் முன்னாலேயே அவசரத்தை முதலில் கேட்டார்கள். "நான் எப்பவும் ப்ளர் பண்ணித்தான் அனுப்பச் சொல்லுவேன். இது அவங்க கவனக்குறைவு. பாவம், வேலை ஜாஸ்தி" என்றார். பாவமாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

போனை எடுத்து சாட்டைத் திறந்தேன். மார்ச் 7, பதினொன்று நாற்பத்திரண்டு. "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று ஒரு சாம்பல் வரி. எப்போது அழித்தாரோ. அன்று சாயங்காலமே அழித்திருப்பார். இந்த ஒரு விஷயத்தில் அவசரமாகத்தான் இருந்திருக்கிறார்.

"பரவாயில்லை, நான் படம் எடுத்து வெச்சிருக்கேன்" என்று காட்டினேன்.

வக்கீல் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "செய்தி தெரியுது. யார் அனுப்பினதும்மா?"

"சார்தான்."

"பேர் எங்க?"

மங்கலாக இருந்தது.

"தேதி? நேரம்?"

அதுவும்.

"எல்லாத்தையும் மறைச்சிட்டு, சாட்சின்னு கொண்டுவந்தா எப்படிம்மா? இது யாரு, யாருக்கு, எப்போ அனுப்பினதா வேணா இருக்கலாமே. அழிச்ச செய்தியும் அப்படித்தான். அதுல 'சாப்டாச்சா'ன்னுகூட இருந்திருக்கலாம்."

"அசல் இருக்கா?" என்றார் எச்.ஆர். அம்மா.

இல்லை. அசலை அன்றே அழித்துவிட்டேன். மங்கலாக்கிய பிரதி தயாரானதும் அசலை அன்றே அழிக்க வேண்டும், குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். அலுவலக விதி. நான்கு வருடம் முன்னால் அந்த விதியை எழுதியது யார்? நான்தான். கீழே என் கையெழுத்து இருக்கிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

படங்களை மங்கலாக்கும் இணையக் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு முழு நாளும் மோதினேன். மங்கலாக்கியதைத் திருப்ப வழி இருக்கிறதா? இலேசாக மங்கலாக்கினால் எழுத்தின் சாயல் மிஞ்சும், கெட்டிக்காரன் யூகித்துவிடுவான். அதனால்தான் அளவுகோலைப் பத்தில் பத்துக்குத் தள்ளுவேன். புதிதாக வந்தவர்கள் நாலிலும் ஐந்திலும் நிறுத்தினால் திட்டுவேன். பத்தில் பத்து வைத்த இடத்தில் கடவுளே வந்தாலும் ஒன்றும் தெரியாது.

கருவிக்காரர்களுக்கு எழுதிக் கேட்டேன். மார்ச் 7 அன்று நான் ஏற்றிய படத்தின் நகல் உங்களிடம் இருக்குமா என்று. ஒரு மணி நேரத்தில் பதில். "உங்கள் படம் உங்கள் சாதனத்தை விட்டு வெளியேறுவதே இல்லை. நாங்கள் எதையும் சேமிப்பதில்லை. உங்கள் அந்தரங்கம் எங்கள் பொறுப்பு." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

சேமிப்பதில்லை என்பதற்காகத்தான் இதை வாங்கச் சொல்லி மேலே நான்கு பக்கக் குறிப்பு அனுப்பினேன். சொந்தக் காசில் சூனியம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அதற்குக் கையேடே எழுதி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 28, திங்கள்

கமா அக்கா இருக்கிறாரே! இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை? அன்றே பார்த்தார், அவசரம்தான் என்று தெரியும், சிரித்தார். சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். டப்பாவை மூடிக்கொண்டே, "பாத்துக்கலாம்டி" என்றார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கமா அக்கா விசாரணை அறைக்குள் போனது ஆறு நிமிடம். வெளியே வந்ததும் என்னைப் பார்க்காமல் தண்ணீர் பிடிக்கப் போனார்.

அவர் எழுதிக் கொடுத்ததை எச்.ஆர். அம்மா என் பக்கம் திருப்பிப் படித்துக் காட்டினார்: "படம் வந்தது உண்மை, அனுப்பியவர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது, யார் என்று எனக்குத் தெரியாது."

அதிலும் கமா சரியாகப் போட்டிருந்தார்.

அவரைத் தண்ணீர்க் குழாய் அருகே பிடித்துக்கொண்டேன். "தெரியாதாக்கா? உனக்கா தெரியாது?"

"நீ பேர மறைச்சுத்தானே அனுப்பினே? நான் பொய் சொல்லலையே."

"நீ சிரிச்சியேக்கா."

"சிரிச்சது சாட்சி ஆகுமாடி? எனக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு. அவரப் பகைச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?" பாட்டில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடிவிட்டுச் சொன்னார்: "இன்னொண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. தப்புன்னு தெரியாதவ எதுக்கு அதை போட்டோ புடிச்சு வெக்கணும்? தெரிஞ்சுதானே புடிச்சே? தெரிஞ்சுதானே அப்படியே அனுப்பினே?"

ஒன்பது வருடம் சேர்ந்து சாப்பிட்டவள். போ. ஆளை விடு.

ஏப்ரல் 30, புதன்

மங்கலாக்க ஒரு படத்துக்கு நாற்பது நொடி. இருபத்திரண்டு படத்துக்குக் கால் மணி நேரம். அவர் வேண்டாம் என்றாலும் செய்திருக்கலாம். செய்தால் யார் வந்து சண்டை போடப்போகிறார்கள்?

ஏன் செய்யவில்லை? எழுதிவிடுகிறேன், இதை யாரும் படிக்கப்போவதில்லை. எரிச்சல். இரண்டு நாள் சும்மா உட்கார வைத்துவிட்டு ஒரே காலையில் பறக்கிறானே என்ற எரிச்சல். சொன்னதைச் சொன்னபடி செய்கிறேன், மாட்டினால் நீ மாட்டு என்று நினைத்தேன். அந்தச் செய்தியைப் படம் எடுத்தபோது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது.

கமா அக்கா சொன்னது எனக்குத் தெரியாததில்லை. அவள் வாயால் கேட்கத்தான் பிடிக்கவில்லை.

மே 2, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. வரும் செவ்வாய்க்குள் "ஏற்கத்தக்க விளக்கம்" தராவிட்டால் பணிநீக்கம். அதோடு, கிளினிக்குகளின் சங்கத்துக்கு என் பெயரைத் தெரிவிப்பார்களாம். அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் எங்கே போனாலும் கதவு திறக்காது. நாற்பத்திரண்டு வயதில் அம்பு போடுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

அவசரம் நடைவழியில் எதிரே வந்தார். "எப்படி இருக்கீங்க?" என்றார். நலம் விசாரிக்கிறார்!

மே 3, சனி

வீட்டுக்காரர் ஒரு மெஷினைப் பிரித்துப் பால்கனி முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். கடிதத்தைக் காட்டினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"அவன் அனுப்பினது நெஜந்தானே?"

"ஆமா."

"நேரம் தெரியும், தேதி தெரியும், என்ன எழுதினான்னு தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் என்ன? போன பார்ட்ட எடுத்துட்டு வேற மெஷின்லேர்ந்து ஒண்ணு கழட்டிப் போடு. நாங்க போடறதில்லையா? ஓடுதா, ஓடலையா, அதான் கணக்கு."

"அது திருட்டுத்தனம்ங்க."

"அவன் அழிச்சானே, அது என்னவாம்?" என்றுவிட்டு திருகாணி தேடக் குனிந்தார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

மே 4, ஞாயிறு

செய்துவிட்டேன்.

மத்தியானம் இரண்டேகாலுக்கு ஆரம்பித்து மூன்றுக்குள் முடிந்தது. அதே கருவிதான். போன வாரம் அவர் அனுப்பிய ஒரு செய்தியிலிருந்து அவர் முகத்தையும் பெயரையும் வெட்டி எடுத்தேன். பழைய படத்தில் மங்கலாக இருந்த இடத்தின் மேல் ஒட்டினேன். சிவப்புக் கட்டத்தின் மேல் வெள்ளை பூசி, அழிந்த இரண்டு எழுத்தை மறுபடி எழுதினேன். தேதி எழுதினேன். பதினொன்று நாற்பத்திரண்டு என்று எழுதினேன். எழுத்தின் அளவு அரைப் புள்ளி கூடிவிட்டது, குறைத்தேன். மறைக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே எழுதும் பொத்தானும் இருக்கிறது. பதினோரு வருடத்தில் அதை இதற்குப் பயன்படுத்தியதில்லை.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் முகம், அவர் பெயர், அவர் வார்த்தை, அந்த நேரம். ஆனாலும் படம் பொய். இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "நெஜமாவே பண்ணிட்டியா?" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போனார். யோசனை சொன்ன வாய் எங்கே போயிற்று?

மே 5, திங்கள்

போனை மூன்று தடவை எச்.ஆர். அறை வாசல்வரை கொண்டுபோய்த் திரும்பி வந்தேன். அழித்துவிடலாம், ஒரு தட்டு போதும். நம் விதிப்படி அன்றே அழித்திருக்க வேண்டும்!

நாலு மணிக்கு அவசரம் என் மேசைக்கு வந்து குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ராஜினாமா குடுத்துட்டீங்கன்னா சங்கத்துக்கு எழுதாம நான் பாத்துக்கறேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லதுக்கு. நேரே எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.

மே 6, செவ்வாய்

"பழைய போன்ல தானாவே ஒரு நகல் சேமிச்சிருக்கு. நேத்துதான் பார்த்தேன்" என்று நேற்று சொன்னதையே இன்று வக்கீல் முன்பும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

வக்கீல் என் போனில் நீக்கப்பட்ட செய்தியின் நேரத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பத்திரண்டு. பதினொன்று நாற்பத்திரண்டு. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார்.

அவசரத்தை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இது ஃபேக்" என்றார்.

"அப்போ நீங்க அனுப்பின செய்தி என்ன? எதுக்கு அழிச்சீங்க?" என்றார் வக்கீல்.

வாயைத் திறந்தார், மூடினார். வேறு என்ன அனுப்பினேன் என்று ஒரு பொய்யாவது தயார் செய்துகொண்டு வந்திருக்கலாம். அழித்தால் போதும் என்று நினைத்திருக்கிறார். எச்.ஆர். அம்மா எழுதத் தொடங்கிவிட்டார்.

மே 9, வெள்ளி

என் மேல் நடவடிக்கை இல்லை. கடிதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஓடுதுல்ல" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

மே 14, புதன்

அவசரம் போகிறார். லிஃப்ட் வேலை செய்யவில்லை, படிக்கட்டில் எதிரே வந்தார். கையில் அட்டைப்பெட்டி, உள்ளே தண்ணீர் பாட்டில், ஒரு சார்ஜர், மகளோடு எடுத்த சட்டம் போட்ட படம். ஒதுங்கி வழி விட்டேன். போகாமல் நின்றார்.

"அசல அன்னிக்கே அழிச்சிருப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்களைப் பத்தி? அந்த நம்பிக்கையிலதான விசாரணையில நான் வாயத் திறந்தேன்."

நான் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"நான் அனுப்பினது நெஜம். நீங்க காட்டினது பொய். இதப் போய் யார்கிட்ட எப்படிச் சொல்றது, சொல்லுங்க?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பெட்டியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு இறங்கினார். ஒரு படியில் கால் இடறியது. பிடிக்கக் கை நீண்டது, நானே இழுத்துக்கொண்டேன்.

ஜெயித்துவிட்டேன் என்று இங்கே எழுதலாமென்று உட்கார்ந்தேன். வரவில்லை.

மே 20, செவ்வாய்

கமா அக்கா என் மேசையில் பாதி ஆப்பிள் நறுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவளுக்கும் தெரியும். அசல் இல்லை என்று அவளிடம்தானே அழுதேன். யாரிடமும் சொல்லவும் மாட்டாள். சாட்சி சொல்லாதவளை இப்போது நான் நம்பித்தான் ஆக வேண்டும்.

ஆப்பிளைச் சாப்பிட்டேன்.

மே 30, வெள்ளி

அவசரம் பார்த்துவந்த பிரிவுத் தலைவர் பொறுப்பைத் தற்காலிகமாக என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். "இவ்வளவு கவனமா ஆதாரம் வெச்சிருந்தீங்களே, அந்தப் பொறுப்புதான் எங்களுக்கு வேணும்" என்றார் எச்.ஆர். அம்மா. நன்றி சொன்னேன்.

ஜூன் 11, புதன்

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் கொடுப்பதாக முடிவு. வரும் புதன், காலை பத்தரை. நடந்ததைக் குறிப்பெடுக்க நான் உட்கார வேண்டுமாம். பிரிவுத் தலைவர் ஆயிற்றே.

வேறு யாராவது எடுக்கலாமே என்றேன். "நீங்க இருந்தாத்தான் மரியாதை" என்றார்கள்.

அவளிடம் சொல்லிவிடலாமா? தனியாக, படிக்கட்டில் வைத்து? நான்தான்மா அந்த அம்பைப் போட்டேன் என்று? சொன்னால் அவளுக்கு என்ன கிடைக்கும், எனக்கு என்ன மிஞ்சும்? காலையிலிருந்து இதே கேள்விதான் மண்டையைக் குடைகிறது. சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 18, புதன்

வந்தாள். முப்பத்தைந்து இருக்கும். கையில் இன்னும் வேன் சாவி. ஓட்டாத வண்டிக்குச் சாவியை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று தெரியவில்லை. பேருந்தில்தான் வந்தேன் என்றாள்.

எச்.ஆர். அம்மா கடிதத்தை நீட்டினார். "தவறு செஞ்ச அதிகாரியை வேலையை விட்டு அனுப்பிட்டோம். அவர்தான் மறைக்க வேண்டாம்னு உத்தரவு போட்டது. எங்ககிட்ட ஆதாரம் இருக்கு" என்றார் வக்கீல்.

அவள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள். எங்கள் படம். அச்செடுத்து வைத்திருக்கிறாள். மடிப்பு அவள் பெயருக்குக் குறுக்கே விழுந்து காகிதம் நைந்திருந்தது.

"உத்தரவு போட்டவரு என் பேரப் பாக்கலியே. அவரு இந்தப் பக்கத்தையே பாத்திருக்க மாட்டாரு" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "இதுல எட்டுப் பேர் இருக்காங்க. என் பேர்ல கொண்டுவந்து அம்பு வெச்சிருக்கு. வெச்சவங்க படிச்சுத்தானே வெச்சிருப்பாங்க? படிச்சிட்டு எப்படி வெச்சாங்க? அவங்கள ஒரு தடவ பாக்கணும். சண்டை போட இல்ல. பாக்கணும், அவ்வளவுதான்."

எச்.ஆர். அம்மா என்னைப் பார்த்தார், ஒரு நொடிதான். பிறகு அவளிடம் திரும்பி, "அவங்களும் இப்போ இங்க வேலையில இல்லம்மா" என்றார்.

என் வாய்வரை வந்தது. சத்தியமாக வந்தது.

குறிப்பில் எழுதினேன்: "படத்தைத் தயாரித்தவர் தற்போது நிறுவனத்தில் இல்லை என்பது அவருக்குத் தெரிவிக்கப்பட்டது."

கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட அவளிடம் பேனா இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். போட்டுவிட்டு, மூடியை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

"தேங்க்ஸ்க்கா" என்றாள். அந்த அறையில் அவள் நன்றி சொன்னது எனக்கு மட்டும்தான்.